ஊற்றுக்கு ஒரு வரவு செலவு நோட்டு

பத்து லிட்டர் வாளி நிறைய 50 வினாடி. டிசம்பர் கடைசி வாரம், காலை ஏழு மணி, விரல் நுனி மரத்துப்போகிற குளிரில் நான் எழுதிய முதல் கணக்கு இது. அப்போது இரண்டாம் ஆண்டு பி.காம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் எனக்கு என்ன வேலை தருவது என்று யோசித்த திட்ட அலுவலர், "உனக்குக் கையெழுத்து நல்லா இருக்கும், நோட்டைப் பிடி" என்றார். மண் சுமக்காமல் தப்பித்தோம் என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

அந்த நோட்டு என்னை ஒன்றேகால் வருஷம் விடவில்லை.

இது ஒரு மலை ஊற்றைச் சரிசெய்த கதை. சரியாகச் செய்த இடங்களைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன், தப்பு செய்த இடங்களில் கொஞ்சம் நிற்கிறேன். இதே வேலையை எடுத்துச் செய்யப்போகிறவர்களுக்கு அதுதான் உபயோகப்படும்.

இடம், ஊட்டியிலிருந்து கோத்தகிரி போகும் வழியில் கட்டபெட்டு தாண்டி, சாலையிலிருந்து தேயிலைச் சரிவில் 140 படி இறங்கினால் வரும் 22 வீடுகள். 86 பேர். பாதிக் குடும்பங்கள் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். மீதிப்பேர் சமவெளியிலிருந்து கொழுந்து பறிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். குழாய் இருக்கிறது. தண்ணீர் வரும் நாட்களைவிட வராத நாட்கள் அதிகம். வீடுகளுக்கு மேலே, தேயிலைக்கும் கற்பூர மரங்களுக்கும் இடையில் இருக்கும் புறம்போக்கில் ஒரு ஊற்று. யாரோ எப்போதோ நாலு கருங்கல்லை அடுக்கி, ஒரு மூங்கிலைச் செருகி வைத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் ஆட்டுப் புழுக்கை, காட்டெருமைக் குளம்பு பதிந்த சேறு.

முகாம் என்றால் மரக்கன்று நட்டு, பேனருக்கு முன்னால் நின்று போட்டோ எடுப்பது என்றுதான் நினைத்துப் போனேன். முந்தின ஆண்டு அப்படித்தான் நடந்தது. நட்டதில் எத்தனை பிழைத்தது என்று யாரும் எண்ணவில்லை, நானும்தான். முகாம் தொடக்க விழாவில் திட்ட அலுவலர், 1969இல் காந்தி நூற்றாண்டில் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு இந்தத் திட்டம் தொடங்கிய கதையைச் சொன்னார். 'எனக்காக அல்ல, உனக்காக' என்பது இதன் முழக்கம் என்றார். எனக்குக் காதில் விழுந்தது, இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் முடித்தால் சான்றிதழ் என்பது மட்டும். உள்ளபடி சொல்வதென்றால் நான் எனக்காகத்தான் போயிருந்தேன்.

தோண்டியதும் கட்டியதும்

நீலகிரியில் ஜேசிபி இறக்க ஆட்சியர் அனுமதி வேண்டும். எங்களிடம் இருந்தது கடப்பாரை, மண்வெட்டி, பாண்டு. அதுவே நல்லதாகப் போயிற்று. ஊற்றைத் தோண்டும்போது அவசரம் கூடாது. மழைத் தண்ணீர் மேல் மண்ணில் இறங்கி, அடியில் இருக்கும் கெட்டிப் பாறையில் முட்டி, அதன்மேல் வழிந்து, சரிவு வெட்டுப்படும் இடத்தில் வெளியே வருகிறது. வெளியே தெரிகிற ஈரம் வேறு, உண்மையில் தண்ணீர் புறப்படும் ஊற்றுக்கண் வேறு. எங்கள் ஊற்றில் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஐந்து அடி. சேற்றையும் வேரையும் கையால் அள்ளி அள்ளிப் பின்னால் போனபோது, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாறைப் பிளவு, அதிலிருந்து கண்ணாடிபோலத் தண்ணீர். வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஒரு நிமிஷம் வேலையை நிறுத்திவிட்டோம்.

பையன்கள் இரண்டு பேர் இன்னும் உள்ளே குடையலாம் என்று கடப்பாரையைத் தூக்கினார்கள். மேல்வீட்டுப் பாட்டி கரையில் நின்றபடி ஒரே சத்தம்: "நேரா வெட்டாதீங்கடா! ரெண்டாயிரத்து ஒம்போதுல மண்ணு எறங்குனத நீங்க பாத்தீங்களா, நான் பாத்தேன்." 2009 நவம்பர் மண்சரிவு இந்த மலையில் 40 பேருக்கு மேல் கொண்டுபோனது. எங்களுக்கு அது பள்ளிக்கூட விடுமுறை, அவ்வளவுதான் ஞாபகம். சரிவைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் கல் அணை கொடுத்தோம். ஒரு நாள் கூடுதலாகப் பிடித்தது.

தொட்டி உள்அளவு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். தரையை ஊற்றுக்கண்ணுக்குக் கீழே 60 சென்டிமீட்டர் இறக்கினோம். கண் இருக்கும் பக்கம் சுவர் கிடையாது. அங்கே முதலில் தலையளவு கல், அப்புறம் கையளவு, அப்புறம் ஒன்றரை இஞ்ச் ஜல்லி என்று அடுக்கினோம். சுண்ணாம்புக் கல் சேராமல் கருங்கல்லாகப் பொறுக்கினோம், நன்றாகக் கழுவி வைத்தோம். மற்ற மூன்று பக்கமும் கருங்கல் கட்டு. உள்பூச்சுக் கலவை, சிமெண்ட் ஒரு பங்குக்கு மணல் மூன்று. தண்ணீர் போகும் குழாய் தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே, வண்டல் போகாதபடி வாயில் வலை. தரையோடு கழுவிவிட ஒரு குழாய். மேலே நிறைந்து வழிய ஒரு குழாய். மூடி காங்கிரீட் பலகை. ஊற்றுக்கு மேல் பக்கம் எட்டு மீட்டர் தள்ளி, மழைத் தண்ணீர் உள்ளே வராமல் திருப்பிவிட ஒரு வாய்க்கால்.

சிமெண்ட், எம்.சாண்ட், ஜல்லி எல்லாம் 140 படி. சும்மாடு கட்டப் பாட்டிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். நோட்டு பிடித்தவளும் கடைசியில் பாண்டு பிடிக்க வேண்டியதாயிற்று.

பனியில் பொடிந்த பூச்சு

முதல் தப்பு சின்னது. உள்பூச்சை மாலை நாலு மணிக்கு முடித்து, நல்ல பிள்ளைகளாகக் கை கழுவிவிட்டுப் போனோம். ராத்திரி உறைபனி. தேயிலைச் செடி மேலெல்லாம் உப்புத் தூவியதுபோல வெள்ளை. காலையில் விரலால் தேய்த்தால் பூச்சு மாவாக உதிர்கிறது. கலவை இறுகுவதற்குள் அதிலிருக்கும் தண்ணீர் உறைந்தால் பிடிமானம் போய்விடும்; ஐந்து டிகிரிக்குக் கீழே போனாலே இறுகுவது நின்றுபோன மாதிரிதான்.

மேஸ்திரி அண்ணன் அன்று லீவு, எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார், "நான் வர்ற வரைக்கும் கரண்டியத் தொடாதீங்க" என்று. வந்து பார்த்தார். திட்டவில்லை. "பத்து மணிக்கு முந்தியும் வேணாம், ரெண்டு மணிக்கு மேலயும் வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உளியை என் கையில் கொடுத்தார். முழுப் பூச்சையும் கொத்தி எடுத்தோம். மறுபடி பூசி, சாக்கு, அதன்மேல் வைக்கோல், அதன்மேல் தார்ப்பாய். சமவெளியில் பூச்சு காயாமல் தண்ணீர் காட்டுவார்கள். இங்கே போர்வை போர்த்த வேண்டியிருக்கிறது.

நோட்டில் எழுதினேன்: நட்டம், சிமெண்ட் ஒரு மூட்டை, ஒரு நாள்.

ஊற்றுக்கு மூச்சு முட்டியது

இரண்டாவது தப்பு பெரியது. ஏழு நாள் முகாம் முடிந்து, வாழ்த்துரை, போட்டோ எல்லாம் ஆயிற்று. குழாயில் ஜோராகத் தண்ணீர். எல்லாரும் ஊட்டிக்குப் போய்விட்டார்கள். எனக்குக் கோத்தகிரி பக்கம் வீடு என்பதால், பஸ் அந்த வழியாகத்தான் போகும். சனிக்கிழமை சனிக்கிழமை இறங்கி அளவு எடுப்பதாக ஒத்துக்கொண்டேன். திட்ட அலுவலர் அதற்கும் மணி நேரக் கணக்குப் போட்டுத் தருவதாகச் சொன்னதுதான் காரணம்.

முதல் சனிக்கிழமை, வாளி நிறைய 64 வினாடி. சரி, மழை இல்லை. அடுத்த சனிக்கிழமை 85 வினாடி. நிமிடத்துக்கு 12 லிட்டர் வந்துகொண்டிருந்த ஊற்று 7 லிட்டருக்கு இறங்கிவிட்டது. ஒரு நாளைக்கு 7,000 லிட்டர் காணோம். கல்லாப்பெட்டியில் கை வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

திட்ட அலுவலருக்குப் போன் செய்தேன். வெயில்காலம் வரப்போகிறது, குறையத்தான் செய்யும் என்றார். ஜனவரியில் இரண்டு வாரத்தில் இவ்வளவா? நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்புறம்தான் பாட்டி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினார். தொட்டியிலிருந்து பத்தடி தள்ளி, ஒரு தேயிலைச் செடியின் அடியில் புதிதாகச் சதசதவென்று ஈரம்.

"ஊத்துக்கண்ணுக்கு மூச்சு முட்ட வச்சிட்டீங்க புள்ள. அது வேற வழி பாத்துக்கிச்சு."

விஷயம் இதுதான். நிறையத் தண்ணீர் சேமிக்கலாம் என்ற ஆசையில், நிறைந்து வழியும் குழாயை ஊற்றுக்கண்ணுக்கு மேலே 40 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்துவிட்டோம். தொட்டி நிறைந்ததும் அந்த உயரத் தண்ணீரின் அழுத்தம் கண்ணைப் பின்னோக்கித் தள்ளுகிறது. பூமிக்குள் தண்ணீருக்கு ஆயிரம் வழி. ஒன்றில் தடை வந்தால் அடுத்ததில் போகிறது. ஊற்றுத் தொட்டி கட்டுகிறவர்கள் இதை ஒன்றாம் பாடமாகச் சொல்வார்களாம். தண்ணீர் மட்டம் எக்காரணம் கொண்டும் கண்ணைத் தாண்டக் கூடாது. ஊற்றுத் தொட்டியின் வேலை வருகிற தண்ணீரை அழுக்குப் படாமல் குழாய்க்குள் அனுப்புவது மட்டும். சேமிக்க வேண்டுமானால் கீழே வேறு தொட்டி வைக்க வேண்டும்.

மேஸ்திரி அண்ணனும் நானும் இன்னும் இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். லெவல் டியூப் வைத்துக் கண்ணின் மட்டத்தைச் சுவரில் குறித்து, அதற்குப் பத்து சென்டிமீட்டர் கீழே புதிய துளை, பழையதை அடைப்பு. நாலு நாளில் பாட்டியின் பேத்தி போனில் சொன்னாள்: "அக்கா, 56." அடுத்த சனிக்கிழமை நானே எடுத்தேன், 52. செடியடி ஈரம் காய்ந்திருந்தது.

அந்த அளவு எடுக்காமல் இருந்திருந்தால், கோடையில் தண்ணீர் நின்றபோது 'ஊத்து வத்திப்போச்சு' என்று முடித்திருப்போம். அன்றிலிருந்து சனிக்கிழமை மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை. மறந்துவிட்டேன் என்பதுதான் சரி.

கறுப்புக் குப்பி

தண்ணீர் சுத்தமா என்று பார்க்க ஹெச்.டூ.எஸ். குப்பி வாங்கினோம். சின்னக் குப்பிக்குள் மருந்து ஊறிய தாள். தண்ணீரை ஊற்றி வைத்தால், மலக் கலப்போடு வரும் பாக்டீரியா இருந்தால் கறுத்துவிடும். குவாலியரில் உள்ள ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தில் 1982 வாக்கில் உருவாக்கியது. ஆய்வகம் இல்லாத ஊருக்கு இதைவிட எளிது கிடையாது.

24 மணி நேரம் கழித்துப் பார்த்தோம், கறுக்கவில்லை. வீடு வீடாகச் சொல்லிவிட்டோம். இரண்டு நாள் கழித்து எங்கள் கல்லூரி வேதியியல் மேடம் ஒரே கேள்வி கேட்டார்: "குப்பியை எங்கே வைத்தீர்கள்?" பாட்டி வீட்டு ஜன்னலில். ஜனவரி ராத்திரி. பாக்டீரியாவே போர்வைக்குள் சுருண்டு படுத்திருக்கும் குளிர். அந்தச் சோதனைக்கு 30 டிகிரிக்கு மேல் கதகதப்பு வேண்டும். இரண்டாம் முறை, வெந்நீர் பாட்டிலோடு சேர்த்துச் சோறு வைக்கும் ஹாட்பாக்ஸில் வைத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வெந்நீர் மாற்றினேன். பதினெட்டு மணி நேரத்தில் மை மாதிரி ஆகிவிட்டது. நல்ல தண்ணீர் என்று 22 வீட்டில் சொன்ன வாயால், கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று மறுபடி 22 வீட்டில் சொன்னேன். சில வீட்டில் சிரித்தார்கள்.

தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம். 500 லிட்டர் தண்ணீருக்கு, லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்றால் 25 கிராம்; பவுடரில் 30 சதவீதம்தான் குளோரின் என்பதால் 85 கிராம். ராத்திரி முழுக்க விட்டு, காலையில் திறந்துவிட்டு, வாசனை போகும்வரை ஓடவிட்டோம். ஒரு வாரம் சுத்தம். மூன்றாம் வாரம் மறுபடி கறுப்பு. அப்படியென்றால் அழுக்கு தொட்டியில் இல்லை, வரும் வழியில் இருக்கிறது.

மேலே ஒரு வீட்டுக் கழிப்பறைக் குழி, ஊற்றிலிருந்து 12 மீட்டரில். குறைந்தது 30 மீட்டர் இருக்க வேண்டும், அதுவும் ஊற்றுக்கு மேல் பக்கம் இருக்கவே கூடாது.

இதைப் போய்ச் சொல்ல வேண்டும். நான் வகுப்பில் சந்தேகம் கேட்கவே பக்கத்துப் பெண்ணைக் கிள்ளிக் கேட்கச் சொல்கிறவள். முதல் தடவை அந்த அண்ணன் வீட்டுக்குப் போய், அக்கா கொடுத்த டீயைக் குடித்து, பிள்ளைகள் படிப்பு விசாரித்து, ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தேன். இரண்டாம் தடவை தைரியம் வருவதற்காகக் கறுப்புக் குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அவர் வாசல் திண்ணையில் வைத்துவிட்டேன். தண்ணீர் பிடிக்க வந்த நாலு பெண்கள் பார்த்தார்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க வீட்டுப் பீயைத்தான் ஊரே குடிக்குதுன்னு சொல்ல வந்தியா? எல்லா வீட்லயும் குழி இருக்கு. எங்க வீடு மட்டும்தான் உன் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் ஒரு குழியைத்தான் அளந்திருந்தேன். ஊர் நடுவில் ஒருவரை நிறுத்திவிட்டு, உண்மை என் பக்கம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று சனிக்கிழமை எடுத்து 22 வீட்டுக் குழியையும் டேப் வைத்து அளந்தேன். நோட்டில் பெயர் எழுதவில்லை, எண் மட்டும்: மேல், கீழ், எத்தனை மீட்டர். இரண்டு ஆட்டுக்கொட்டிலும் கணக்கில் வந்தன. ஒன்று பாட்டியுடையது, 9 மீட்டரில்! பாட்டியிடம் முதலில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப மொதல்ல என் ஆட்ட எறக்கு" என்றார். ஆடு இறங்கிய அடுத்த வாரம் அந்த அண்ணனே நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். எந்த எண் தன் வீடு என்று அவருக்குத் தெரியும்.

குழியை ஊற்று மட்டத்துக்குக் கீழே, ஒதுக்குப்புறமாக மாற்றினோம். 26 மீட்டர் நாலு இஞ்ச் பைப், சிமெண்ட் உறை. செலவில் பாதி அவர், மீதி மற்ற வீடுகள் பிரித்துக்கொண்டார்கள். தோண்டியது நாங்களும் அவர் மச்சினன்மாரும். ஜூன் மழை தொடங்கும் முன் முடிந்தது. செப்டம்பரில் ஹாட்பாக்ஸ் சோதனை இரண்டு முறை, இரண்டும் கறுக்கவில்லை. கொதிக்கவைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ஒருமுறை சொல்லிப் பட்டது போதும்.

வரவும் செலவும்

இதற்கு நடுவில் மார்ச் போனது. மார்ச் கடைசி வாரம் வாளி நிறைய 140 வினாடி. நிமிடத்துக்கு 4.3 லிட்டர்கூட இல்லை. காலை ஐந்தரைக்கே குட வரிசை. கொழுந்துக்கு எட்டு மணிக்குள் போக வேண்டும். சண்டை, ஏச்சு, ஒருநாள் குடம் உடைந்தது.

நான் நோட்டில் ஐந்தொகை போட்டேன். வரவு: ஒரு நாளைக்கு 6,170 லிட்டர். செலவு: ஆளுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் கணக்கு, 86 பேருக்கு 4,730. வரவு அதிகம்! பிறகு ஏன் பற்றாக்குறை? மணி நேரம் பிரித்துப் போட்டபோது தெரிந்தது. காலை இரண்டரை மணி நேரத்தில் வருவது 640 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 42 குடம், வீட்டுக்கு இரண்டுகூட வராது. ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஐந்துவரை யாரும் பிடிக்காமல் ஓடுவது 2,050 லிட்டர். ஆக, தண்ணீர் பஞ்சம் இல்லை, ராத்திரித் தண்ணீரைப் பிடித்து வைக்க இடம்தான் இல்லை. வீடுகளுக்குச் சற்று மேலே 2,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி, ஒரு பீடம், ஆறு குழாய். அவ்வளவுதான்.

மூன்று செமஸ்டர் காஸ்ட் அக்கவுண்டிங் படித்ததில் எனக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

"நீங்க இந்த ஊராட்சி வாக்காளரா?"

தொட்டிக்குப் பணம் எங்களிடம் இல்லை. ஊராட்சியிடம் கேட்க வேண்டும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் பேசுவதென்று முடிவு. ஒன்றரைப் பக்கம் எழுதி, விடுதிக் குளியலறையில் பேசிப் பேசிப் பழகினேன். வரவேற்பு, 'அனைவருக்கும் வணக்கம்', புள்ளிவிவரம், திருக்குறள் எல்லாம் இருந்தது.

பள்ளி மைதானத்தில் கூட்டம். எழுந்து நின்றேன். முழங்கால் நடுங்கியது. ஊராட்சிச் செயலர் மரியாதையாகத்தான் கேட்டார்: "நீங்க இந்த ஊராட்சி வாக்காளராம்மா?" இல்லை. "அப்ப பார்வையாளரா உட்காருங்க. ஊர்க்காரங்க யாராவது சொல்லட்டும்." யாரும் எழவில்லை. நான் பேசுவேன் என்று அவர்கள் வந்திருந்தார்கள். தீர்மானங்கள் வாசித்து முடிந்து கேசரி கொடுத்தார்கள்.

அவர் சொன்னது சரி. கிராம சபை என்பது அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்களின் சபை. இன்னொன்றும் உறைத்தது. போன நவம்பரில் எங்கள் கல்லூரியில் வாக்காளர் சேர்ப்பு முகாமில் மேசை போட்டு உட்கார்ந்து, படிவம் 6ஐ எப்படி நிரப்புவது என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நாலு மாதங்களின் முதல் தேதியும் 18 வயதைக் கணக்கிடும் தகுதி நாளாக வந்துவிட்டன என்று மைக்கில் அறிவித்தேன். என் படிவம் பையிலேயே இருந்தது. எந்த ஊராட்சியிலும் நான் வாக்காளர் இல்லை. அன்று ராத்திரியே நிரப்பினேன்.

அடுத்த சபை அக்டோபர் 2. தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு சபைகள், ஆகவே ஒன்றைத் தவறவிட்டால் உலகம் முடிந்துவிடாது. இந்த முறை எனக்கு வேலை பேசுவது இல்லை. பாட்டியும், மகளிர் குழு அக்கா ஒருவரும் பேசுவதாக ஒத்துக்கொண்டார்கள். ஒன்றரைப் பக்கத்தை அக்காவிடம் கொடுத்தேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுல எது முக்கியம், அத மட்டும் சொல்லு" என்றார். மூன்று எண்ணில் நின்றது: 86 பேர், காலையில் 42 குடம், ராத்திரி 2,000 லிட்டர். திருக்குறள் போயிற்று.

வேலை நாளில்லை என்பதால் நிறையப் பேரைக் கூட்டிவர முடிந்தது; அந்த ஊராட்சியின் மக்கள்தொகைக்கு 200 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். அக்கா மனுவைப் படித்தார். பாட்டிக்குப் படிக்க வராது. எழுந்து நின்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: "ராத்திரி பூரா ரெண்டாயிரம் லிட்டரு எங்க தலமாட்டுலயே ஓடிப் போகுதுய்யா. விடிஞ்சா ஒரு கொடத்துக்கு அடிச்சுக்கிறோம். எங்களுக்குத் தண்ணி வேணாம், சாமி குடுத்திருக்கு. அத வைக்க ஒரு பானதான் கேக்குறோம்."

இந்த வாக்கியம் என் ஒன்றரைப் பக்கத்தில் இல்லை. ஆறு மாதம் எழுதினாலும் எனக்கு வந்திருக்காது. நான் பார்வையாளர் வரிசையில் நோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாராவது கணக்கைக் கேட்டால் காட்டலாம் என்று. ஒருவர் கேட்டார், ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்திருந்த பொறியாளர். மார்ச் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். தீர்மானம் போட்டாயிற்று என்றதும் கை தட்டிவிட்டு எழுந்து வராதீர்கள். தீர்மான நோட்டில் எழுதியதை வாசிக்கக் கேளுங்கள். எங்கள் தீர்மானத்தில் முதலில் 'குடிநீர் வசதி செய்து தருவது' என்று பொதுவாக எழுதியிருந்தது. அக்கா மல்லுக்கட்டி '2,000 லிட்டர் தொட்டி, ஊற்றுக்குக் கீழே' என்று சேர்க்க வைத்தார். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கினார். பிறகு மூன்று மாதம் யாரும் வரவில்லை. அந்த நகலைக் காட்டித்தான் இரண்டு முறை நினைவூட்டினோம்.

இப்போது

பிப்ரவரியில் தொட்டி வந்தது. தொட்டி நிறைந்து வழியும் தண்ணீரைக் கீழே ஒரு சின்னக் குட்டையில் விட்டிருக்கிறோம். அது என் யோசனை இல்லை, மேஸ்திரி அண்ணனுடையது. காட்டெருமைக்குக் குடிக்க ஒரு இடம் வைத்துவிட்டால் ஊற்றுத் தொட்டிப் பக்கம் வந்து வேலியை முட்டாது. இதுவரை முட்டவில்லை. ஒரு கரடி மட்டும் குழாயைக் கடித்துப் பார்த்திருக்கிறது.

மொத்தச் செலவில் முகாம் பங்கு 14,860 ரூபாய். அதில் டீ, பன் மட்டும் 1,240. ரசீது எல்லாம் நோட்டின் பின்னட்டையில் ஒட்டியிருக்கிறது. ஜனவரி 26 அன்று எங்கள் சொந்த ஊராட்சிக் கிராம சபையில் தெருவிளக்கு பற்றி நானும் எழுந்து பேசினேன். இரண்டு வாக்கியம். இரண்டாவதில் குரல் உடைந்துவிட்டது. வாக்காளரா என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருக்கலாமே என்று இருந்தது.

எனக்கு ஏப்ரலில் கடைசி செமஸ்டர் தேர்வு. அப்புறம் வேலைக்குக் கோயம்புத்தூர் போகலாம், போகாமலும் இருக்கலாம். நோட்டைப் பாட்டியின் பேத்தியிடம் கொடுத்துவிட்டேன். பத்தாம் வகுப்பு. தொட்டியில் குழாய் விழும் வாயில் வாளி வைக்க வேண்டும், மூன்று முறை அளந்து நடு எண்ணை எழுத வேண்டும், மழை பெய்திருந்தால் பக்கத்தில் 'ம' போட வேண்டும் என்றெல்லாம் நீளமாகச் சொன்னேன். "தெரியும்க்கா, நான்தானே உங்களுக்குப் போன்ல சொல்லுவேன்" என்றாள்.

போன வாரம் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். மார்ச் மாதம், சனிக்கிழமை, காலை 6.10. பத்து லிட்டர், 131 வினாடி. போன வருஷத்தைவிட 9 குறைவு என்று அவளே கழித்து எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே, என் கையெழுத்தைவிட நல்ல கையெழுத்தில்:

'வலை கிழிஞ்சிருக்கு. உள்ளே தவளை. மேஸ்திரி மாமாவிடம் சொல்லிவிட்டேன்.'